கேள்வித்தாளைத் திருத்தும் படிப்பு

(முதுகலை மகளிரியல் மற்றும் பாலினக் கல்வி வகுப்புகளின் தொடக்க நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகளிரியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் அமெரிக்காவைக் கைகாட்டுவார்கள். 1970இல் சான் டியேகோ அரசுக் கல்லூரி இந்தப் படிப்பைத் தொடங்கியது உண்மைதான். நம் நாட்டுக் கதை வேறு. இங்கே இது ஒரு அரசாங்க அறிக்கையிலிருந்து பிறந்தது. அரசாங்க அறிக்கையிலிருந்து உருப்படியாக ஏதாவது பிறக்குமா என்று சிரிக்காதீர்கள், அபூர்வமாகப் பிறக்கும்.

ஐ.நா. சபை கேட்டுக்கொண்டதன் பேரில், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. புல்ரேணு குகா அதன் தலைவர். இடையில் உறுப்பினர் செயலராக வந்து சேர்ந்தவர் வீணா மஜும்தார், அரசியல் அறிவியல் கற்பித்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த லோதிகா சர்க்கார் இன்னொரு உறுப்பினர். எல்லோரும் படித்தவர்கள், பொறுப்பில் இருந்தவர்கள். அரசியல் சட்டம் சமத்துவம் கொடுத்துவிட்டது, மிச்சம் மீதி காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிய தலைமுறை அது. மாநிலம் மாநிலமாகப் போய், எண்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971இல் 930. எழுபது ஆண்டில் ரயிலும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெருகின, ஓட்டுரிமை வந்தது, பெண் பிரதமரும் வந்தார். பெண்களின் விகிதம் மட்டும் சரிந்தது.

1974 முடிவில் அவர்கள் கொடுத்த அறிக்கையின் பெயர் 'சமத்துவத்தை நோக்கி'. தன் தலைமுறை இதைப் பார்க்கத் தவறியதை வீணா மஜும்தார் பிற்காலத்து நினைவுக் குறிப்புகளில் ஒளிக்காமல் எழுதினார். அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு எப்படியும் படிப்பீர்கள். 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் முன்னின்று முதல் ஆய்வு மையம். 1980இல் தில்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம். 1981இல் முதல் தேசிய மாநாடு, அடுத்த ஆண்டு இந்திய மகளிரியல் சங்கம். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு ஊர் ஊராக மையங்கள். நம் மாநிலத்தில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இலேயே வந்துவிட்டது.

இப்போது நான் நின்று பேச நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை செய்யும் பெண்கள் ஏறத்தாழ 6 கோடிப் பேர். பத்தே ஆண்டில், 1971இல், அது 3 கோடிக்குச் சற்று மேலே வந்து நின்றது. கிட்டத்தட்ட பாதி. பஞ்சமா, போரா, கொள்ளைநோயா? அவை எதுவும் காரணம் இல்லை. மாறியது கணக்கெடுப்பாளர் கையில் இருந்த கேள்வி. 1961இல் ஓரளவுக்கு வேலை செய்பவர்களும் உழைப்பாளிகளாகப் பதிவானார்கள். 1971இல் 'உங்கள் முதன்மையான செயல்பாடு எது' என்று கேட்டார்கள். விடிகாலையில் சாணி அள்ளி, பால் கறந்து, சமைத்து வைத்துவிட்டு, பகல் முழுக்கக் களையெடுக்கப் போன பெண்ணின் முதன்மைச் செயல்பாடு என்ன? பெரும்பாலும் பதில் சொன்னது வீட்டு ஆண்கள். 'வீட்டு வேலைதான்' என்றார்கள். கணக்கெடுப்பாளர் அவள் பெயருக்கு நேரே 'உழைப்பாளி அல்லர்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

உண்மையிலேயே வேலை இழந்த பெண்களும் அந்தக் காலத்தில் உண்டு. அறிக்கை அதையும் சொன்னது. ஆனால் எவ்வளவு பேர் வேலையை இழந்தார்கள், எவ்வளவு பேர் கேள்வியில் தொலைந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல அன்று இருந்த எந்தத் துறையிடமும் கருவி இல்லை. பொருளாதாரம் கூலியைத்தான் அளந்தது. புள்ளியியலுக்குக் கொடுத்த விடைகளைக் கூட்டத் தெரியும். விடையை விட்டுவிட்டுக் கேள்வித்தாளையே திருத்த ஒருவர் வேண்டியிருந்தது. இந்தப் படிப்பின் வேலை அதுதான் என்பது என் கட்சி. பெண்களைப் புகழ்வதற்கோ பெண்களுக்காகப் பரிதாபப்படுவதற்கோ இரண்டு ஆண்டும் ஒரு பட்டமும் தேவையில்லை.

தேவகி ஜெயின் போன்றவர்கள் எழுபதுகளில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் காலையிலிருந்து இரவு வரை யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். புள்ளிவிவரத்தில் சும்மா இருந்த பெண்கள் நேரில் பார்த்தால் சும்மா இல்லை. அந்த வாதம் நடந்து நடந்து, 1991 கணக்கெடுப்பின் கேள்விக்குள் ஒரு அடைப்புக்குறி நுழைந்தது: வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. ஒரு அடைப்புக்குறிக்கு இருபது ஆண்டு. 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. 2019இல் நாடு முழுவதும் நடந்தது. வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குக் கொடுத்த நேரம் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இது செய்தவர்களின் சராசரி மட்டும்தான். செய்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் பெண்களில் நூற்றுக்கு 81, ஆண்களில் 26. 2024இல் மறுபடி எடுத்தார்கள். 289 நிமிடம், 88 நிமிடம். இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது என்று தலைப்புப் போடலாம். கழித்துப் பாருங்கள்: முன்பு 202 நிமிட இடைவெளி, இப்போது 201.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை இந்த வாதங்களின் வழித்தோன்றல். வீட்டில் செய்யும் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. தொடங்கியபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். போதுமா என்ற சண்டையை டீக்கடையில் போடுவார்கள், நீங்கள் தகுதி விதிகளை எடுத்து வாசியுங்கள். குடும்பத்தின் மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு விதி. உதவித்தொகை என்றால் இந்த விதி புரிகிறது. உழைப்புக்கான அங்கீகாரம் என்றால், ஒரு பெண் பாத்திரம் கழுவியதற்கும் வீட்டில் ஏ.சி. ஓடியதற்கும் என்ன சம்பந்தம்? அரசு ஒரே திட்டத்தில் இரண்டு தத்துவங்களைக் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டும் கட்டுரை ஒன்றை முதல் பருவத்திலேயே எழுதலாம்.

இன்னும் ஒரு எடுத்துக்காட்டு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்குப் போனால், கம்பெனி கொடுத்த பாஸ்புக் ஒருத்தி பெயரில் இருக்கும். திண்ணையில் சுளகு மூன்று இருக்கும். அம்மா இலை வெட்டுவாள், அக்கா தூள் வைத்துச் சுருட்டுவாள், பள்ளி விட்டு வந்த தங்கை நூல் கட்டுவாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வருங்கால வைப்பு நிதி பாஸ்புக்காரிக்கு மட்டும். அந்த வீட்டில் எத்தனை தொழிலாளர்கள் என்று சட்டத்தைக் கேட்டால் ஒன்று, சுளகைக் கேட்டால் மூன்று. களப்பணிக்குப் போகும்போது வீட்டுக்காரர்களைக் கேட்பதற்கு முன் சுளகை எண்ணுங்கள்.

நிலத்துக்கு வருவோம். 1980இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் ஜிலிமிலி என்ற இடத்தில், பருவத்துக்குப் பருவம் நடவுக்கு இடம்பெயரும் பெண் கூலிகளோடு ஒரு முகாம் நடந்தது. வீணா மஜும்தார் இதில் முன்னின்றார். தில்லியிலிருந்து போனவர்கள் கற்பிக்கப் போனதாக நினைத்திருக்கலாம், நடந்தது தலைகீழ். நிலச் சீர்திருத்தத்தில் பட்டா ஏன் ஆண்கள் பெயருக்கே போகிறது, நாங்கள் உழவர்கள் இல்லையா என்ற கேள்வி அந்தக் காலத்து வங்கக் கிராமத்துப் பெண்களிடமிருந்துதான் கிளம்பியது. பீனா அகர்வால் 1994இல் தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி எழுதிய பெரிய நூலுக்குப் பின்னால் அந்தக் கேள்வியும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒன்று உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது ஆண்டு ஆனது. 1989இல் வந்த மாநிலச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆன மகள்களை வெளியே நிறுத்தியது. 2005 மத்தியச் சட்டம்தான் அந்தக் கதவையும் திறந்தது. சரி, சட்டம் இருக்கிறது. நிலம்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை நூற்றுக்கு 14 அளவில்தான்.

இடையில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எந்த முகூர்த்த நாளிலும் போய்ப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் முன்னால் நிற்க, அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வைப்பார்கள். 'சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, இன்னும் என்ன?' என்று ஒரு பக்கம். 'கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது, நாளைக்கு என் மகளுக்குத் தாய்மாமன் சீருக்கு யார் வருவார்?' என்று இன்னொரு பக்கம். இதை அறியாமை என்று எழுதிவிடாதீர்கள். அவள் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு ஏக்கர் நிலத்தை ஒரு தட்டிலும், கணவன் வீட்டில் ஆபத்து வந்தால் ஓடிப்போக இருக்கும் ஒரே வாசலை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளை அப்படிக் கணக்குப் போட வைத்தது எது என்பதே ஆய்வுப் பொருள்.

இங்கே சாதி வந்தாக வேண்டும். பெண் என்று ஒற்றை ஆளாகப் பேசியது இந்தத் துறையின் தொடக்க காலக் குறை. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் வெளியே நின்று திட்டியவர்கள் இல்லை, உள்ளே இருந்தவர்களும் பக்கத்தில் இருந்தவர்களும்தான். தலித் பெண்களின் பேச்சு ஏன் வேறாக இருக்கிறது என்று 1995இல் கோபால் குரு எழுதினார். புணேயில் மகளிரியல் மையத்தை நடத்திய ஷர்மிளா ரேகே 1998இல் அந்த விவாதத்தை முன்னெடுத்து, வேறு என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடுவது மற்ற பெண்ணியர்களுக்கு வசதியான ஒரு தப்பித்தல் என்றார். 2006இல் மராத்தி தலித் பெண்களின் தன்வரலாறுகளை வைத்து ஒரு நூலே கொண்டுவந்தார். 2013இல் இளம் வயதிலேயே போய்விட்டார். இந்தத் துறைக்கு அது பெரிய இழப்பு. நம்மிடம் பாமாவின் 'கருக்கு' 1992இலேயே வந்துவிட்டது. அதை இலக்கியத் தாளில் மட்டும் வைத்துப் பூட்டியது நம் பிழை.

திருச்சி மாவட்டத்து ஒரு கிராமத்தை வைத்துக் காரின் கபாடியா எழுதிய நூல் 1995இல் வந்தது. பிராமணரல்லாத சாதிகளில் பெண்வீட்டுக்குப் பரிசம் கொடுத்துக் கல்யாணம் செய்த வழக்கம் போய், மாப்பிள்ளை வீட்டுக்கு வரதட்சணை கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று அவர் காட்டினார். கொஞ்சம் வசதி வந்ததும் வீட்டுப் பெண்ணை வயல் வேலையிலிருந்து நிறுத்துவது கௌரவம். அவள் சம்பாத்தியம் நிற்கிறது, அவளைக் கட்டிக்கொடுக்கச் செலவு ஏறுகிறது. முன்னேற்றம் என்று நாம் சொல்வது ஒரே வீட்டில் ஆணுக்கு ஒரு திசையிலும் பெண்ணுக்கு இன்னொரு திசையிலும் போகலாம். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இடம் உண்டு என்றால் இதற்குத்தான் கொடுப்பேன்.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கேட்பவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துப் படியேறிப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்கிறேன். வை.மு. கோதைநாயகி நடத்திய 'ஜகன்மோகினி' இதழ், 'குடியரசு' இதழில் வந்த பெண்களின் கட்டுரைகள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவல் எல்லாம் நம் மூலங்கள். அம்பை என்று நீங்கள் கதைகளில் அறிந்த சி.எஸ். லட்சுமி 1988இல் மும்பையில் தொடங்கிய 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தில் பெண்களின் குரல்களும் படங்களுமே சேகரம்.

இந்த மூலங்கள் வசதியான பதில் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவதாசி முறை ஒழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துலட்சுமி ரெட்டியும் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. தேவதாசிகளில் ஒரு பகுதியினரே சங்கம் வைத்து அதை எதிர்த்தார்கள். எங்கள் சொத்தும் கலையும் போகிறது என்றார்கள். பின்னாளில் அந்தக் கலை வேறு வீட்டுப் பெண்களின் காலில் சலங்கையாக ஏறி மேடைக்கு வந்ததும் வரலாறு. இராமாமிர்தம் அம்மையார் சொன்னது பொய்யா? இல்லை, அவர் உள்ளிருந்து வந்தவர், பட்டுத் தெரிந்தவர். எதிர்த்தவர்கள் ஏமாளிகளா? அதுவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்துவிட்டு அதன் பிறகும் ஒரு முடிவு எடுக்கத் தெரிய வேண்டும். எனக்குச் சட்டம் வந்தது சரி என்றே தோன்றுகிறது. உங்களில் பாதிப் பேர் ஆண்டு முடிவில் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பாலினம் என்று படிப்பின் பெயரிலேயே சேர்த்திருக்கிறீர்கள். திருநங்கையர் நலவாரியத்தை 2008இல் அமைத்த மாநிலம் இது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014இல்தான் வந்தது. ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' இரண்டும் உங்கள் மேசையில் இருக்கட்டும். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பால் இணையர் இருவர் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, உளவியலாளரிடம் அமர்வு கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து பிறகு தீர்ப்புச் சொன்னார். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் சேர்ந்த மாணவர்களில் அவரளவுக்குச் சிரத்தையானவர்கள் குறைவு.

இவ்வளவும் இருக்க, பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையை எப்படி நடத்துகின்றன? பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத்தில் மார்ச் 8 நெருங்கினால் மகளிரியல் துறைக்குச் சுற்றறிக்கை வரும்: கோலப் போட்டி, அடுப்பில்லாச் சமையல், சிறந்த தாய்க்கு விருது. ஆண்டு முழுக்க மெழுகுவத்தி செய்யப் பயிற்சி. கோலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணிதத் துறையை யாரும் கோலப் போட்டி நடத்தச் சொல்வதில்லையே என்பதுதான் என் கேள்வி. உண்மையில் அவர்களுக்குத்தான் அது பொருத்தம், புள்ளிக்கணக்கு இருக்கிறது.

இது வெறும் அலட்சியம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சில நேரம் திட்டமும் இருக்கிறது. 2003 வாக்கில் மானியக் குழுவே இந்த மையங்களின் பெயரில் 'குடும்பம்' என்பதைச் சேர்க்கப் பார்த்தது. மகளிரியல் சங்கம் எதிர்த்து நின்றது. 2017இல் ஐந்தாண்டுத் திட்டக்கால நிதி முடிந்தபோது பல மையங்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் இருந்தன. ஹங்கேரியில் 2018இல் அரசு ஒரே ஆணையில் பாலினக் கல்வி முதுகலைப் படிப்புக்கான அங்கீகாரத்தையே நீக்கியது. பயனில்லாத படிப்பு என்றால் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

முன்வரிசையில் சில மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆண்கள் இங்கே விருந்தாளிகள் இல்லை, கருணையோடு வந்தவர்களும் இல்லை. 88 நிமிடம் என்பது உங்களைப் பற்றிய எண்ணும்தான், அதை நீங்கள் விளக்குங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று: கோட்பாட்டு நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, கஷ்டம்தான், ஒரு பருவம் தள்ளாடுவீர்கள். ஆனால் விடுதலைப் பத்திரத்தின் வாசகமும் பஞ்சாயத்துப் பேச்சும் உங்களுக்குப் புரிவதுபோல் வெளியாருக்குப் புரியாது. ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி கேளுங்கள், கிடைக்கும் வரை கேளுங்கள்.

கடைசியாக வேலை. பெற்றோர் சிலர் வந்திருக்கிறீர்கள், பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன். கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. நெட் தேர்வில் இது தனிப் பாடமாக இருக்கிறது, எழுதலாம். அதற்கு வெளியே வாய்ப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் வெளியிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பாதி நிறுவனங்களில் அது காகிதத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம், ஆனால் முறையாக நடத்தத் தெரிந்தவர்களுக்கான தேவை கூடிக்கொண்டு வருகிறது. மகளிர் திட்டம், ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பாலின வரவுசெலவு அறிக்கை தயாரிக்கும் துறைகள், கணக்கெடுப்பு நடத்தும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் கேள்வித்தாள் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். கூடவே புள்ளியியலும் கொஞ்சம் சட்டமும் படித்துவையுங்கள், உணர்ச்சியை மட்டும் வைத்து நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடம் தாண்ட முடியாது.

துறைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம். வில்லங்கச் சான்றை இணையத்தில் யாரும் பார்க்கலாம், ஒரு கிராமத்தின் சர்வே எண்களை எடுத்துக்கொண்டு 2005க்குப் பிறகு பதிவான விடுதலை ஆவணங்களை மாணவர்களே எண்ணிவிடுவார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட பெண்களை வீட்டில் போய்ப் பார்க்க, கல்லூரியின் அறிமுகக் கடிதம் வேண்டும். அதை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லோரும் நடவுக்குப் போய்விடுவார்கள், பேச ஆள் கிடைக்காது.